அகலம் ஒன்று, மின்சாரம் இரண்டு

மோட்டார் இல்லாத, விளக்கு இல்லாத, ஒரு வயர்கூட இல்லாத சரக்குப் பெட்டி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும் ரயிலை நிறுத்திவிட முடியும். இதை நான் முதன்முதலில் பார்த்தது பாலக்காட்டை அடுத்த கொழிஞ்சாம்பாறையில், எங்கள் வீட்டுக் கூடத்தின் சிவப்புச் சிமெண்டுத் தரையில். ஜெர்மனியில் நர்ஸாக வேலை பார்த்த சித்தி ஒரு விடுமுறைக்கு வந்தபோது மெர்க்லின் என்னும் ஜெர்மன் நிறுவனத்தின் பொம்மை ரயில் செட் ஒன்றைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு துபாயிலிருந்து வந்த மாமா, சித்திக்குத் தான் குறைந்தவனா என்று, ஆங்கிலேயச் செட் ஒன்றை வாங்கிவந்தார். இரண்டு பாதைகளையும் ஸ்கேல் வைத்து அளந்தோம். தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் இரண்டிலும் பதினாறரை மி.மீ. அப்படியானால் எது எதிலும் ஓடும் என்று முடிவுகட்டி, சித்தி கொண்டுவந்த பழுப்பு நிறச் சரக்குப் பெட்டியை மாமாவின் பாதையில் ஏற்றினோம். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது, சிவப்பு விளக்கு எரிந்தது, இன்ஜின் நின்றது. பெட்டியை எடுத்ததும் சற்று நேரத்தில் இன்ஜின் தானாகக் கிளம்பியது.

சித்தூரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த அண்ணன் ஒருவரிடம் (ஆந்திரச் சித்தூர் அல்ல, பாலக்காட்டுச் சித்தூர்) இரண்டையும் தூக்கிக்கொண்டு போனோம். அவர் இன்ஜினைத் திறக்கவே இல்லை. பெட்டியைக் கவிழ்த்து வைத்து, இடப்பக்கச் சக்கரத்தில் மீட்டரின் ஒரு முனையையும் வலப்பக்கச் சக்கரத்தில் மறுமுனையையும் வைத்தார். முள் கடைசிவரை ஓடியது. "வண்டியப் பாக்காதீங்க தம்பி, சக்கரத்தப் பாருங்க" என்றார். இரண்டு மின்முறைகளை ஒரே பாதையில் இணைக்க நினைக்கும் எவரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அந்த மீட்டர் முள்ளின் அசைவைத்தான்.

பொம்மை ரயிலின் இன்ஜினுக்கு மின்சாரம் போக ஒரு வழியும் திரும்பி வர ஒரு வழியும் வேண்டும். இரு தண்டவாள முறையில் இடத் தண்டவாளம் ஒரு வழி, வலத் தண்டவாளம் மற்றொரு வழி. மின்சாரம் ஒரு சக்கரத்தின் வழியாக ஏறி, மோட்டாரைச் சுற்றி, எதிர்ப்பக்கச் சக்கரத்தின் வழியாக இறங்குகிறது. ஆகவே ஒரே அச்சில் உள்ள இரு சக்கரங்களும் ஒன்றையொன்று மின்சாரத்தால் தொடக்கூடாது. அச்சின் ஒரு பக்கத்திலாவது பிளாஸ்டிக் காப்பு இருக்க வேண்டும். இந்த முறையில் வழக்கமாக ஓடுவது 12 வோல்ட் டி.சி., அதாவது ஒரே திசையில் பாயும் மின்சாரம்; மோட்டார் நிலைகாந்தம் கொண்டது; தண்டவாளங்களின் நேர், எதிர் முனைகளை மாற்றினால் ரயில் பின்னோக்கிப் போகும். மெர்க்லினின் மூன்று தண்டவாள முறையில் வழி வேறு; மின்சாரமும் வேறு, திசை மாறி மாறிப் பாயும் ஏ.சி. நடுவில் ஓடும் மூன்றாவது கடத்தியிலிருந்து, இன்ஜினின் அடியில் உள்ள நீண்ட உராய்வுத் தகடு மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். திரும்பும் வழியாக இரு பக்கத் தண்டவாளங்களும் சேர்ந்தே வேலை செய்யும். இரண்டும் ஒரே முனை என்பதால் சக்கரங்களுக்கு இடையே காப்பு தேவையில்லை. உலோக அச்சில் உலோகச் சக்கரம் அப்படியே கோக்கப்பட்டிருக்கும். அந்தச் சக்கரத்தை இரு தண்டவாளப் பாதையில் வைப்பது, பிளக் பாயிண்டின் இரண்டு துளைகளுக்கு நடுவே ஒரு கம்பியைச் செருகுவதற்குச் சமம். சரக்குப் பெட்டி ரயிலை நிறுத்தியதன் காரணம் இவ்வளவுதான்.

இவ்வளவு சிக்கலான மூன்றாவது கடத்தியை ஒருவர் ஏன் விரும்ப வேண்டும் என்ற கேள்வி எழும். கோப்பிங்கன் நகரில் 1859இல் தொடங்கிய மெர்க்லின் நிறுவனம், 1891இல் லைப்சிக் சந்தையில் எட்டு வடிவப் பாதையையும் வரையறுத்த அகலங்களையும் காட்சிக்கு வைத்தபோது, பொம்மை ரயில் என்பது தனி வண்டியாக இல்லாமல் துண்டு துண்டாகச் சேர்த்து வளர்க்கக்கூடிய ஓர் அமைப்பாக மாறியது. தகரத்தை அச்சில் அடித்து வண்டி செய்த அந்தக் காலத்தில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் காப்பு வைப்பது செலவு மிக்க வேலை. மூன்றாவது தண்டவாளம் அந்தச் செலவை மிச்சப்படுத்தியது. அதைவிடப் பெரிய லாபம் ஒன்றும் இருந்தது. ரயில் ஒரு வளையத்துக்குள் புகுந்து, திரும்பி, வந்த பாதையிலேயே வெளியேறும் அமைப்பை இரு தண்டவாள முறையில் போட்டால், வளையத்தின் முடிவில் இடத் தண்டவாளம் வலத் தண்டவாளத்தோடு போய் ஒட்டிக் குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) உண்டாகும். மூன்று தண்டவாளத்தில் அந்தத் தொல்லையே இல்லை; பாதையை எந்தப் பக்கம் திருப்பினாலும் நடு நடுவோடும் ஓரம் ஓரத்தோடும்தான் சேரும். தரையில் படுத்துக்கொண்டு கண்டபடி பாதை போடும் குழந்தைக்கு இதைவிட உகந்த அமைப்பு கிடையாது என்பது என் கருத்து. 1950களில் நடுத்தண்டவாளத்தை எடுத்துவிட்டுக் கட்டைகளின் நடுவே சிறு உலோகக் குமிழ்களை மெர்க்லின் வைத்ததும், கண்ணை உறுத்திய மூன்றாவது கோடும் மறைந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மூன்று தண்டவாளம் என்றாலே ஏ.சி. என்று பலர் எண்ணுகிறார்கள். இங்கிலாந்தில் 1938இல் வந்த ஹார்ன்பி டப்ளோ மூன்று தண்டவாளத்தில் ஓடியது, ஆனால் 12 வோல்ட் டி.சி.யில், 1959இல்தான் அது இரு தண்டவாளத்துக்கு வந்தது. 1935இல் வந்த ட்ரிக்ஸ் எக்ஸ்பிரஸ் மூன்று தண்டவாளங்களையும் தனித்தனியாகக் காப்பிட்டு, ஒரே பாதையில் இரண்டு ரயில்களைத் தனித்தனியாகக் கட்டுப்படுத்த வழி செய்தது. ஆகவே பழைய செட் ஒன்று கையில் கிடைத்தால், எத்தனை தண்டவாளம் என்பது ஒரு கேள்வி, என்ன மின்சாரம் என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

மின்சாரத்தின் வகை மோட்டாரை எப்படிப் பாதிக்கிறது என்பதிலும் இரு பக்கமும் சமமாக இல்லை. பழைய மெர்க்லின் இன்ஜினில் இருப்பது காந்தத்துக்குப் பதிலாகச் சுருள் கொண்ட மோட்டார். நம் வீட்டு மிக்சியில் இருப்பதும் அந்த ரகம்தான். அது ஏ.சி.யிலும் ஓடும், டி.சி.யிலும் ஓடும். முனைகளை மாற்றினால் சுருளின் காந்தமும் சுழலியின் காந்தமும் சேர்ந்தே மாறிவிடுவதால் சுழலும் திசை மாறாது. அதனால்தான் ஓட்டத்துக்கு 16 வோல்ட் வரையும், திசையை மாற்றும் ரிலேவைத் தட்ட ஒரு கணம் சுமார் 24 வோல்ட்டும் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. நிலைகாந்த டி.சி. மோட்டாருக்கு ஏ.சி. கொடுத்தால் கதை வேறு. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் விநாடிக்கு நூறு முறை திசை மாறுவதால், எந்தப் பக்கம் சுழல்வது என்று தெரியாமல் மோட்டார் நின்ற இடத்திலேயே உறுமும், சூடாகும், கவனிக்காமல் விட்டால் சுருள் கருகும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், பாதையில் கை வைப்பதற்கு முன் மனத்தில் பதிய வேண்டிய ஓர் ஏறுமாறு தெரியவரும். டி.சி. இன்ஜினை மூன்று தண்டவாள ஏ.சி. பாதையில் வைத்தால் எதுவும் நடக்காது. அதன் இரு சக்கரங்களும் ஒரே முனையைத் தொடுவதால் மின்சாரம் பாய வழியில்லை, உராய்வுத் தகடும் கிடையாது, அது சும்மா நிற்கும். ஏ.சி. இன்ஜினையோ அதன் பெட்டியையோ இரு தண்டவாள டி.சி. பாதையில் வைத்தால் உடனே குறுக்குச்சுற்று. ஒன்று உறங்கும், மற்றொன்று கடிக்கும். ஆகவே இரண்டு முறைக்கும் பொதுவான பாதையில் டி.சி. வண்டிகளை எப்போதும் நிறுத்திவைக்கலாம்; ஏ.சி. வண்டிகளை, சக்கரம் மாற்றாத வரை, டி.சி. ஓடும்போது பாதையிலிருந்து இறக்கியே ஆக வேண்டும்.

அடுத்த கேள்வி, எந்தப் பாதையை எந்தப் பாதையாக மாற்றுவது என்பது. பலரும் முதலில் யோசிப்பது மெர்க்லின் பாதையை இரு தண்டவாளத்துக்கும் பயன்படும்படி பிரிப்பது. பழைய எம் ரகப் பாதையில் இது நடக்காத காரியம். அதன் அடிப்படுகையே தகரம். இரு தண்டவாளங்களும் அந்தத் தகரத்தோடு பிணைந்திருப்பவை. 1996இல் வந்த சி ரகப் பாதையின் படுகை பிளாஸ்டிக். அடியில் இரு தண்டவாளங்களையும் இணைக்கும் சிறு உலோகப் பாலங்களை வெட்டுக்குறட்டால் வெட்டிவிட்டால் நேர்ப்பாதைத் துண்டுகளும் வளைவுத் துண்டுகளும் இரு தண்டவாளமாகப் பிரிந்து நிற்கும். ஆனால் கிளைப்பாதைகளில், ரயில்வேக்காரர்கள் பாயிண்ட் என்று சொல்லும் இடத்தில், அந்த வேலை எளிதாகக் கைக்கு அடங்காது. இரு பக்கத் தண்டவாளங்களும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தை இரு முனைகளாகப் பிரிக்கும் தேவையே இல்லாமல் வடிவமைக்கப்பட்டவை அவை.

ஆகவே என் தீர்ப்பு எதிர்த்திசையில்தான் போகிறது. தொடக்கத்திலிருந்தே காப்பிடப்பட்ட இரு தண்டவாளப் பாதையை வாங்கி, அதன் நடுவில் குமிழ்களைச் சேர்ப்பதுதான் சரியான வழி. உள்ளதைப் பிரிப்பதைவிட இல்லாததைச் சேர்ப்பது இங்கே எளிது. சேர்த்தது பிடிக்கவில்லை என்றால் பிடுங்கியும் விடலாம்.

இதற்கென்றே செய்த குமிழ்ப் பட்டைகள் வெளிநாடுகளில் கிடைக்கின்றன. எங்கள் பக்கத்தில் சிறு தலை கொண்ட பித்தளை ஆணிதான் கைக்குக் கிடைத்தது. பாதையைப் பலகையில் பொருத்திய பிறகு, கட்டையின் நடுவே மிக மெல்லிய துளை போட்டு, ஆணியை மேலிருந்து இறக்கி, பலகையின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை ஒரே செம்புக் கம்பியால் வரிசையாக சால்டர் செய்ய வேண்டும். அடுத்தடுத்த ஆணிகளின் இடைவெளி உராய்வுத் தகட்டின் நீளத்தில் பாதியைத் தாண்டாமல் இருந்தால், தகடு எப்போதும் இரண்டு ஆணிகளையாவது தொட்டுக்கொண்டிருக்கும். ஒன்றில் தூசு படிந்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். பாலக்காட்டுக் கணவாயின் வழியே ஆடிக்காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னலைத் திறந்து வைத்த வீட்டில் இந்த எச்சரிக்கை எவ்வளவு பயன்படும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். சாதாரண இரும்பு ஆணி வேண்டாம். ஒரு மழைக்காலம் போதும், தலை துருப்பிடித்து மின்சாரம் விட்டுவிட்டு வரும்.

ஆணித் தலையின் உயரம்தான் இந்த வேலையின் உயிர். நேர்ப்பாதையில் தலை தண்டவாளத்தின் மேல்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் டி.சி. இன்ஜின்களின் அடிப்பகுதியும் பெட்டிகளின் கொக்கிகளும் அதில் தட்டும். பாயிண்டில் நிலைமை தலைகீழ். அங்கே கிளைத் தண்டவாளம் பாதையின் நடுவைக் குறுக்கே கடக்கிறது. உராய்வுத் தகடு அந்தத் தண்டவாளத்தைத் தொட்டால், நடுமுனையும் ஓரமுனையும் சேர்ந்து தீப்பொறி பறக்கும். எனவே குறுக்கிடும் இடத்துக்கு முன்பிருந்தே ஆணித் தலைகள் படிப்படியாக உயர்ந்து, தண்டவாளத்தின் மேல்மட்டத்தைச் சற்றே தாண்டி, தகட்டைத் தூக்கிக் கடத்திவிட்டு, மறுபக்கம் மெல்ல இறங்க வேண்டும். தண்டவாளத்தின் உயரமே இரண்டரை மி.மீ.தான் என்னும்போது, இந்த ஏற்ற இறக்கம் முழுவதும் நகத்தின் கனத்துக்குள் நடக்க வேண்டிய விஷயம். நான் பழைய ஏ.டி.எம். அட்டையை அளவுகோலாகக் கொண்டேன்: இரு தண்டவாளங்களின் மேல் அட்டையைப் படுக்கவைத்து நகர்த்தினால், நேர்ப்பாதையில் எந்த ஆணியும் அதைத் தொடக்கூடாது, பாயிண்டின் நடுவில் மட்டும் அட்டை மெல்ல எழுந்து ஆட வேண்டும். முதல் பாயிண்டுக்கு எனக்கு இரண்டு மாலைகள் ஆயின. நான்காவது பாயிண்டை ஒரு மணி நேரத்தில் முடித்தேன்.

பாதை தயாரானதும் அதில் மூன்று கடத்திகள் இருக்கும்: இடம், வலம், நடு. இவற்றை எந்த நேரத்தில் எதனோடு சேர்ப்பது என்பதைக் கையால் வயர் மாற்றித் தீர்மானிக்க விடக்கூடாது. ஒரே சுவிட்ச் தீர்மானிக்க வேண்டும். நடுவில் 'ஆஃப்' நிலை உள்ள நான்கு முனை இருவழிச் சுவிட்ச் இதற்குப் பொருத்தம். ஒரு பக்கம் தள்ளினால் இடமும் வலமும் சேர்ந்து ஏ.சி. டிரான்ஸ்ஃபார்மரின் பழுப்பு வயருக்கும், நடு அதன் சிவப்பு வயருக்கும் போகும். பழுப்பு திரும்பும் வழி, சிவப்பு ஓட்டும் மின்சாரம் என்பது மெர்க்லினின் வழக்கம். மறுபக்கம் தள்ளினால் இடமும் வலமும் டி.சி. கட்டுப்பாட்டுப் பெட்டியின் இரண்டு முனைகளுக்குத் தனித்தனியாகப் போகும். நடு எதனோடும் சேராமல் தொங்கும். மிஞ்சும் நான்காவது முனையில் இரண்டு நிற விளக்குகளை வைத்தால் எந்த ஆட்சி நடக்கிறது என்பது தொலைவிலிருந்தே தெரியும். இந்த அமைப்பில் இரண்டு மின்மூலங்களும் ஒரே நேரத்தில் பாதையைத் தொடவே முடியாது. இணைப்பதாகச் சொல்லிக்கொண்டு நாம் உண்மையில் செய்வது, இரண்டையும் முறைவைத்துப் பிரித்து வைப்பதுதான்.

ஆயினும் மனிதர் மறப்பார். ஏ.சி. இன்ஜின் பாதையில் நிற்கும்போதே யாராவது சுவிட்சை டி.சி. பக்கம் தள்ளுவார்கள், எங்கள் வீட்டில் அது விருந்தாளிக் குழந்தைகள் வரும் ஒவ்வொரு ஓணத்துக்கும் நடக்கிறது. அதற்கு மலிவான காவல் ஒன்று உண்டு. டி.சி. வயர் ஒன்றின் நடுவே 12 வோல்ட், 21 வாட் கார் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைத் தொடரிணைப்பாகச் சேர்த்துவிட்டால் போதும். இன்ஜின் சாதாரணமாக இழுக்கும் சிறு மின்னோட்டத்தில் பல்பின் இழை குளிர்ந்தே இருக்கும், தடை மிகக் குறைவு, ரயிலுக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. குறுக்குச்சுற்று ஏற்பட்டால் மின்னழுத்தம் முழுவதும் பல்பின்மேல் விழும். அது பளிச்சென்று எரிந்து, மின்னோட்டத்தை ஒன்றேமுக்கால் ஆம்பியருக்குள் நிறுத்திவிடும். பாதுகாப்பும் அதுவே, புகார் சொல்லும் மணியும் அதுவே. வாகனப் பட்டறையில் கேட்டால் பழைய பல்பு ஒன்றை இனாமாகவே தருவார்கள்.

முழுப் பாதையையும் பொதுவாக்காமல், ஒரு பகுதியை ஏ.சி.க்கும் மற்றொரு பகுதியை டி.சி.க்கும் விட்டு, நடுவில் ஒரு துண்டை மட்டும் பொதுவாக வைப்பவர்களும் உண்டு. அப்போது எல்லைதான் ஆபத்தான இடம். இன்ஜின் ஒன்றின் முன்சக்கரம் ஒரு ஆட்சியிலும் பின்சக்கரம் மற்றொரு ஆட்சியிலும் நிற்கும் கணத்தில், இரண்டு மின்மூலங்களும் அந்த இன்ஜினின் உடல் வழியாகக் கைகுலுக்கிக்கொள்ளும். இதைத் தடுக்க, எல்லையில் தண்டவாளங்களின் இணைப்புத் தகடுகளை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் இணைப்புகளைப் போட்டு, எந்த மின்சாரமும் இல்லாத ஒரு செத்த பகுதியை உருவாக்க வேண்டும். மின்சாரம் எடுக்கும் வண்டிகளில் மிக நீளமானதைவிட அது நீளமாக இருக்க வேண்டும். இன்ஜின் தன் வேகத்தாலேயே அதைக் கடக்கும், அல்லது அந்தத் துண்டு மட்டும் தன் சுவிட்ச் வழியாக வந்த வண்டிக்கேற்ப உயிர் பெறும்.

நிஜ ரயில்வேயும் இதைத்தான் செய்கிறது. 25 ஆயிரம் வோல்ட் ஏ.சி. கம்பியில் ஒரு துணைமின்நிலையத்தின் எல்லை முடிந்து மற்றொன்றின் எல்லை தொடங்கும் இடத்தில் மின்சாரமற்ற இடைவெளி ஒன்று உண்டு. அதை நெருங்கும்போது ஓட்டுநர் இன்ஜினின் மின்இணைப்பைத் துண்டித்து, ஓடும் வேகத்தில் கடந்து, மீண்டும் இணைக்கிறார். சென்னைக் கடற்கரை முதல் தாம்பரம் வரையிலான மீட்டர்கேஜ் பாதை 1931இல் மின்மயமானபோது ஓடியது 1500 வோல்ட் டி.சி.; 1960களில் அது 25 ஆயிரம் வோல்ட் ஏ.சி.க்கு மாறியது. மும்பையில் 1500 வோல்ட் டி.சி. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நீடித்ததால், இரண்டு மின்சாரத்திலும் ஓடும் இன்ஜின்களையே இந்திய ரயில்வே செய்ய வேண்டியிருந்தது. பாதையை மாற்றுவதா, வண்டியை மாற்றுவதா என்ற கேள்விக்கு இரண்டு நகரங்கள் இரண்டு காலத்தில் இரண்டு பதில் சொல்லியிருக்கின்றன.

எங்கள் பக்கத்தில் பிரச்சினை மின்சாரமாக இல்லை, அகலமாக இருந்தது. மீனாட்சிபுரம், முதலமடை, கொல்லங்கோடு வழியாகப் பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் ஓடிய பாதை ஒரு மீட்டர் அகலம். பாலக்காடு ஜங்ஷனில் வந்து நிற்கும் பெரிய ரயில்களின் பாதை 1676 மி.மீ. ஒரு பெட்டி மற்றொரு பாதையில் ஏறவே முடியாது என்பது கண்ணுக்குத் தெரியும் உண்மை. யாரும் ஏற்றிப் பார்க்க மாட்டார்கள். 2015இல் எங்கள் பாதையும் அகலப் பாதையாக மீண்டும் திறந்தபோதுதான் அந்தப் பிரிவு தீர்ந்தது. பொம்மை ரயிலில் அகலம் ஒன்றாகவே இருப்பதுதான் ஏமாற்று.

அகலத்துக்கு உள்ளேயும் நுண்ணிய வேறுபாடுகள் இருக்கின்றன. மெர்க்லின் சக்கரங்களின் உட்பக்க இடைவெளி சுமார் 14 மி.மீ.; இரு தண்டவாள வண்டிகளில் அது மி.மீ.யின் சில பத்தில் ஒரு பங்கு அதிகம். பழைய மெர்க்லின் சக்கரத்தின் விளிம்பும் ஆழமானது. நேர்ப்பாதையில் இந்த வேறுபாடு தெரியாது. பாயிண்டின் குறுகிய சந்தில் சக்கரம் ஏறிக் குதிக்கும்போதுதான் தெரியும். உயரம் குறைந்த தண்டவாளமாக இருந்தால் விளிம்பு, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் சிறு பற்களின் மேல் தடதடவென்று ஓடும். எனவே பொதுப் பாதைக்கு இரண்டரை மி.மீ. உயரத் தண்டவாளத்தையே பரிந்துரைப்பேன். மெல்லிய தண்டவாளம் அழகு. ஆனால் இந்தக் குடும்பத்துக்கு ஒத்துவராது.

பெட்டிகளைப் பொறுத்தவரை தீர்வு எளிமையானது. காப்பில்லாத அச்சுகளைக் கழற்றி, காப்புள்ள அச்சுகளை மாட்டிவிட்டால், அந்தப் பெட்டி இரண்டு பாதைகளிலும் ஓடும். காப்புள்ள சக்கரத்துக்கு மூன்று தண்டவாளப் பாதையில் எந்தத் தடையும் இல்லை, ஏனெனில் விளக்கில்லாப் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை. பிளாஸ்டிக் அடிச்சட்டம் கொண்ட பெட்டியில் அச்சை விரலால் சற்று நெம்பினால் வந்துவிடும். ஆகவே பெட்டிகள் மிகுதியாக வைத்திருப்பவர், பாதையில் ஓர் ஆணி அடிப்பதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது; பாதித் தலைவலி அங்கேயே தீரும்.

டிஜிட்டல் முறை வந்த பிறகு ஏ.சி., டி.சி. என்ற பிரிவே பெருமளவு பொருளிழந்துவிட்டது. மெர்க்லின் 1980களின் நடுவில் தன் டிஜிட்டல் முறையைக் கொண்டுவந்தது. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனத்தின் முறையை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் டி.சி.சி. என்னும் பொதுத் தரத்தை வகுத்தது. இதில் பாதையில் எப்போதும் ஓடுவது, முனை மாறிக்கொண்டே இருக்கும் சதுர அலை. ஒவ்வொரு அரை அலையின் நீளமும்தான் செய்தி. 58 மைக்ரோ விநாடி என்றால் ஒன்று, 100 அல்லது அதற்கு மேல் என்றால் பூஜ்யம். இன்ஜினுக்குள் உள்ள டீகோடர் என்னும் சிறு மின்னணுப் பலகை அந்த அலையைத் தானே நேர்மின்னோட்டமாக மாற்றி, செய்தியில் தன் எண்ணுக்கு வரும் கட்டளைப்படி மோட்டாருக்குக் கொடுக்கிறது. முனை எந்தப் பக்கம் என்பது அதற்குப் பொருட்டில்லை. இரண்டு தொடுகைகள் போதும். உராய்வுத் தகடும் சக்கரமும் என்றாலும் சரி, இடச் சக்கரமும் வலச் சக்கரமும் என்றாலும் சரி. மோட்டாருக்கான சண்டை முடிந்துவிட்டது. மிஞ்சியிருப்பது சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலான பழைய வழக்குதான். அதனால்தான் டிஜிட்டலுக்கு மாறியவருக்கும் குமிழும் சுவிட்சும் காப்பு அச்சும் தேவைப்படுகின்றன. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: டிஜிட்டல் மின்மூலமும் பழைய டிரான்ஸ்ஃபார்மரும் ஒரு நொடிகூட ஒரே பாதையில் சந்திக்கக் கூடாது, சந்தித்தால் முதலில் போவது விலை அதிகமானதுதான்.

டிரான்ஸ்ஃபார்மர் பற்றியும் ஒரு சொல். பழைய மெர்க்லின் நீலநிற டிரான்ஸ்ஃபார்மர்கள் 220 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. நம் வீட்டு மின்சாரம் 230, இரவில் அதற்கும் மேல் ஏறும். உள்ளே வருவது உயர்ந்தால் வெளியே போகும் திசைமாற்று அடியும் அதே விகிதத்தில் உயரும். பழைய ரிலே தாங்கும், புதிய டீகோடர் தாங்காது. வயரின் ரப்பர் உறை வெடித்திருந்தால் அந்த உலோகப் பெட்டியைக் காட்சிப்பொருளாக வைத்துவிட்டுப் புதியதை வாங்குவதே அறிவு. அமெரிக்க டிரான்ஸ்ஃபார்மரை நம் பிளக்கில் சொருகுவது பற்றிப் பேச வேண்டியதே இல்லை. அது 120 வோல்ட்டுக்கானது.

லெகோ ரயில் வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் குழப்பம் உண்டு. 1960களில் 4.5 வோல்ட் பேட்டரி, பின்னர் நடுவில் தனிக் கடத்திகளோடு 12 வோல்ட், 1991 முதல் உலோக உறையிட்ட தண்டவாளத்தில் 9 வோல்ட், அதன் பிறகு மீண்டும் பேட்டரி என்று அது ஒரு சுற்று சுற்றி வந்திருக்கிறது. அங்கே பேட்டரி வண்டி எல்லாப் பாதையிலும் ஓடும், 9 வோல்ட் வண்டி உலோகத் தண்டவாளத்தில் மட்டும் ஓடும் என்பதோடு வழக்கு முடிந்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் பொதுப் பாதை இப்போது பழைய கதவுப் பலகை ஒன்றின்மேல் நிரந்தரமாக இருக்கிறது. சித்தியின் எம் ரகப் பாதை மாற்ற முடியாததால் தனி வளையமாக அப்படியே இருக்கிறது. அதில் ஒரு லெவல் கிராசிங்கும் உண்டு. கேட்டுக்கு முன்னால், இதற்கென்றே செய்த துண்டில், ஒரு தண்டவாளம் மட்டும் காப்பிடப்பட்டிருக்கும். அதன்மேல் உலோக அச்சு ஏறி இரு தண்டவாளங்களையும் இணைக்கும்போது கேட் இறங்கும், கடைசி அச்சு கடந்ததும் எழும். அன்று ரயிலை நிறுத்திய பழுப்புச் சரக்குப் பெட்டிக்குக் காப்பு அச்சு மாட்டிய பிறகு அது இரண்டு பாதைகளிலும் தடையின்றி ஓடுகிறது. ஆனால் கேட்டுக்கு அந்தப் பெட்டி இப்போது தெரிவதில்லை. இன்ஜின் கடந்ததும் கேட் தூக்கிக்கொள்கிறது. பின்னால் வரும் பெட்டிகள் திறந்த கேட்டின் வழியே போகின்றன. கழற்றிய இரண்டு அச்சுகளையும் தீப்பெட்டிக்குள் போட்டு டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.